எந்தக் கம்பெனி லாப்டாப்?

நாகர்கோவில் வடசேரியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெண் பி.காம். வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். சீட்டு எடுத்த பணம் ரூ.50,000 கையில் இருக்கிறது. மைத்துனர் ஒரு கம்பெனியைச் சொல்கிறாராம். கடைக்காரர் வேறொன்றைச் சொல்கிறாராம். எதிர் வீட்டு எஞ்சினீயர் பையன் இரண்டையும் கேட்டுச் சிரிக்கிறானாம். "எந்தக் கம்பெனி லாப்டாப் நல்லது? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, கோட்டாறு சந்தைக்குப் போய், "எந்த வாழைப்பழம் நல்லது?" என்றா கேட்பீர்கள்? குழந்தைக்கு மட்டி, வறுவலுக்கு ஏத்தங்காய் என்று தேவையை மனத்தில் வைத்துக்கொண்டுதானே பேரம் ஆரம்பிக்கிறீர்கள்! லாப்டாப் வாங்கும்போது மட்டும் அந்தச் சாமர்த்தியத்தை ஏன் வீட்டிலே வைத்துவிட்டுப் போக வேண்டும்?

கம்பெனிப் பெயரின் சங்கதியைக் கேளுங்கள். 1985-ல் லாப்டாப் விற்கப் புறப்பட்ட முன்னோடிகளில் ஒன்று தோஷிபா. 2020-ல் அது அந்த வியாபாரத்தையே அடியோடு கைகழுவிவிட்டது. கல்லூரிப் பெண்கள் ஆசைப்பட்ட வயோவை ஸோனி 2014-ல் விற்றுவிட்டது. ஐ.பி.எம்.மின் பிரிவு 2005-ல் லெனோவோவின் கைக்குப் போயிற்று. இன்னொரு ரகசியம். வெவ்வேறு பெயர்களில் வருகிற பல லாப்டாப்புகளைச் செய்து கொடுப்பவை குவாண்டா, காம்பல் முதலான தைவான் கம்பெனிகள்தாம். ஒரே ஆசாரி செய்த நகைகளை நாலு கடைகள் தங்கள் தங்கள் பெட்டியில் வைத்து விற்பது வடசேரிக்காரர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

சர்க்கார் என்ன செய்தது, பாருங்கள். தமிழகக் கல்லூரி மாணவர்களுக்கு 2026 ஜனவரியில் கொடுக்க ஆரம்பித்த லாப்டாப்புகளில் ஏசர், டெல், ஹெச்.பி. மூன்றுமே இருந்தன. உள்ளே இன்னின்னது இருக்க வேண்டும் என்று முதலில் எழுதி வைத்தார்கள்; கம்பெனி பிறகுதான் வந்தது. (அப்படி ஏதாவது உங்கள் பெண்ணுக்குக் கிடைக்குமா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டே சீட்டுப் பணத்தைத் தொடுங்கள்!)

நீங்களும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்குப் பாடத்துக்கு இன்டெல் ஐ3 அல்லது ரைசன் 3 தாராளம். ராம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. 16 கிடைத்தால் நிம்மதி. எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. இருக்கட்டும். "பின்னால் ராம் கூட்ட முடியுமா?" என்று கட்டாயம் கேளுங்கள். சிலவற்றில் அதைப் பலகையோடு பற்ற வைத்துவிடுகிறார்கள். 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியதிலிருந்து இந்த இடத்தில்தான் கடைகள் கையைக் கடிக்கின்றன. ஒரே கம்பெனியில், ஏறக்குறைய ஒரே பெயரில், உள்ளே வெவ்வேறு சரக்கு இருக்கும், ஜாக்கிரதை.

இரண்டு கம்பெனிகளில் சரக்கும் விலையும் ஒத்துப் போனால், அப்போது கம்பெனியைப் பாருங்கள். எதற்கு? ரிப்பேருக்கு! அதன் சர்வீஸ் சென்டர் நாகர்கோவிலில் இருக்கிறதா, ஆள் வீட்டுக்கே வருவாரா என்று உங்கள் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் பஸ்ஸில் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும். வாரண்டி பெரும்பாலும் ஒரு வருஷம். கீழே போட்டாலோ, காப்பி கொட்டினாலோ அது உதவாது. அதற்குத் தனியாகப் பணம் கட்டுகிற திட்டம் உண்டு.

முக்கியமான ஒன்று. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள். மைத்துனரும் கடைக்காரரும் பேசுகிற பேச்சில் அவள் என்ன சொல்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! காலையில் பஸ் நெரிசலில் அதைத் தோளில் சுமக்கப் போகிறவள் அவள்தானே? ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டேகால் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத்தான் தெரியும். கடையிலேயே ஒரு பக்கம் டைப் அடித்துப் பார்க்கட்டும். திரையைச் சாய்த்துப் பார்த்து, எழுத்து மங்குகிறதா என்று அவளே சொல்லட்டும்.

எதிர் வீட்டுப் பையனையும் அழைத்துச் செல்லலாம். பெட்டியின் மேலுள்ள மாடல் நம்பரும், பில்லிலுள்ள நம்பரும், உங்கள் காகிதமும் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்க அவன் போதும்.