கூடலூர் நெல் வயலுக்கு நுண்ணுயிர் உரமும் மட்கிய கழிவும்

நீலகிரியில் நெல் விளைவது பெரும்பாலும் கூடலூர், பந்தலூர் வட்டங்களின் பள்ளத்தாக்கு வயல்களில்தான். ஸ்ரீமதுரை, புத்தூர்வயல் பகுதிகளில் வயநாடன் செட்டி குடும்பங்கள் தென்மேற்குப் பருவமழையை நம்பித் தலைமுறைகளாக நட்டு வருகின்றன. அமிலமும் இரும்பும் மிகுந்த மண் இது. இடும் மணிச்சத்தில் பெரும்பகுதியை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்வதால், சமவெளிப் பரிந்துரை இங்கே அப்படியே பொருந்தாது.

அப்படிச் சிக்கிய மணிச்சத்தில் ஒரு பங்கைப் பாஸ்போபாக்டீரியா என்னும் நுண்ணுயிர் உரம் சுரக்கும் கரிம அமிலங்கள் விடுவிக்கின்றன. மற்றொரு நுண்ணுயிர் உரமான அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவதோடு வேர் வளர்ச்சியையும் தூண்டுகிறது. ஆனால் நடுநிலையை ஒட்டிய மண்ணே அதற்கு ஏற்றது. அமில மண்ணில் நேராக விழுந்தால் எளிதில் நிலைக்காது. மட்கிய உரத்தோடு கலந்து இட்டால்தான் தங்க இடமும் உணவும் கிடைக்கும்.

கழிவுக்கு இங்கே பஞ்சமில்லை. வைக்கோல், சாணம், காப்பிப் பழத்தோல், உண்ணிச்செடி எல்லாம் உதவும். தேயிலைக் கவாத்துக் குச்சி தேயிலைக்கே போகட்டும். தொழிற்சாலைத் தேயிலைக் கழிவை வாங்க 1959ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். எதையும் பச்சையாக மடக்கி உழுவது இந்த வயல்களுக்கு ஆபத்து. தேங்கிய நீரில் கழிவு அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து, மண்ணிலுள்ள இரும்பு கரையத் தொடங்கும். நீர்மேல் எண்ணெய்போல் மின்னும் செம்படலம், கீழிலை நுனியில் தொடங்கிப் பரவும் பழுப்புப் புள்ளி, துரு பூசியது போன்ற வேர் ஆகியவை இரும்பு நச்சின் அடையாளங்கள். துத்தநாகப் பற்றாக்குறை என்று இதைத் தவறாகக் கணிப்பதும் எளிது. வைக்கோலின் கரிம, தழைச்சத்து விகிதம் ஏறத்தாழ 80:1. அது 20:1 அளவுக்கு இறங்கும்வரை மட்க வேண்டும். மலைக்குளிரில் இதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். மூடாத குவியலின் சத்து மழையோடு போய்விடும். ஆகவே அறுவடை முடிந்த கோடையிலேயே கூரைக்கடியில் குவியல் போட்டுவிடுவது நல்லது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, ஹெக்டேருக்கு இரண்டு நுண்ணுயிர் உரத்திலும் தலா 2 கிலோவை 25 கிலோ தொழுவுரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். நாற்றின் வேரை நனைக்கத் தலா 1 கிலோவை 40 லிட்டர் நீரில் கரைத்து, 15 முதல் 30 நிமிடம் வைத்தால் போதும். அடைமழையில் தூவிய உரம் வடிந்துபோகும் என்பதால் கூடலூரில் வேர் நனைப்புக்கே முதலிடம் தர வேண்டும். சுண்ணாம்பையோ ரசாயன உரத்தையோ நுண்ணுயிர் உரத்துடன் கலக்கவே கூடாது. தூள் வடிவ நுண்ணுயிர் உரத்தில் கிராமுக்கு 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. காலாவதி தேதியைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அசோஸ்பைரில்லம் இட்டால் தழைச்சத்து உரத்தில் கால்பங்கைக் குறைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. இங்கே முதல் பருவத்தில் ஒரு வயலில் மட்டும் குறைத்து, தூர்களை எண்ணி ஒப்பிட்ட பிறகே மற்றவற்றுக்குப் போவது முறை.