இரண்டாவது குடம்

தங்கை மரமாகிறாள், அக்காள் தண்ணீர் வார்க்கிறாள். கன்னட நாட்டுப்புறக் கதை ஒன்றின் உயிர் இவ்வளவில் அடங்கியிருக்கிறது. மைசூரில் 1929-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, குறுந்தொகையை ஆங்கில உலகம் அறியச் செய்த ஏ. கே. இராமானுசன் திரட்டிய கதை இது. அவர் மறைந்தபின் 1997-இல் வெளிவந்த தொகுப்பு, 'பூக்கும் மரம்' என்று இக்கதையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

கூலி வேலை செய்து உருக்குலைந்த தாய், இரண்டு பெண்கள். தாயின் துயரம் காணப் பொறாத இளையவள் மூத்தவளிடம் சொல்கிறாள்: "நகம் படாமல் இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வா. ஒன்றை என்மேல் ஊற்று, மரமாவேன். தளிர் ஒடியாமல் பூவைப் பறித்துக்கொள். பிறகு மற்றதை ஊற்று, மனுஷியாவேன்." அக்காள் அப்படியே செய்கிறாள். பூ விற்றுக் குடும்பம் பிழைக்கிறது.

பின்னர் அவள் இளவரசனை மணக்கிறாள். அங்கே சின்ன நாத்தனார், வேடிக்கை பார்க்கத் தோழியரைக் கூட்டி வந்து, அவளை வற்புறுத்தி மரமாக்குகிறாள். கிளை ஒடிகிறது, இலை கிழிகிறது. இரண்டாவது குடத்தை ஏனோதானோவென்று ஊற்றிவிட்டு ஓடுகிறார்கள். கையும் காலும் இல்லாத பாதி உடலாய்க் கிடக்கிறாள் அந்தப் பெண். நெடுநாள் கழித்துக் கணவன், ஒடிந்த கிளைகளைப் பொருத்திக் கட்டி நீர் வார்த்த பின்னரே முழு உருப் பெறுகிறாள்.

இருவரும் ஊற்றியது தண்ணீர்தான். வேறுபாடு எங்கே? மரமானவள் மீண்டும் மனுஷியாக வேண்டுமே என்ற கவலை அக்காளுக்கு இருந்தது. நாத்தனாருக்குப் பூ மட்டுமே வேண்டியிருந்தது. ஆற்றல் தங்கையினுடையதுதான். ஆயினும் அதைக் காத்தது அக்காளின் கை அன்றோ? சகோதர பாசம் என்பது கண்ணீர் வடிப்பதன்று. ஒருத்தியின் ஆற்றல் அவளையே அழித்துவிடாமல் காவல் நிற்பது.

இந்தக் காவலைத்தான் மறுபடி சொல்வோர் மறந்துவிடுகிறார்கள். 2006-இல் வியன்னாவில் ஜான் ஆடம்ஸ் இக்கதையை இசை நாடகமாக்கினார். கதை சொல்பவர், நாயகி, இளவரசன் என மூவருக்கே தனிக் குரல், அக்காளுக்கு இல்லை! நாமும் குறைந்தவர்கள் அல்லர். நல்லதங்காள் கிணற்றில் விழுந்த கதைக்கு அழுகிறோம். விழாமல் தடுத்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்பதில்லை. தியாகத்தைப் புகழ்வது எளிது. தியாகம் செய்தவளை மீட்பது அரிது.

மாதேசுவரன் மலையை அடுத்த மார்டள்ளி என் ஊர். கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூரோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியும் எங்கள் வீட்டுத் தமிழ் மாறவில்லை. வீட்டு வழக்கமும் மாறவில்லை. பத்தாம் வகுப்போடு என் அக்காள் படிப்பை நிறுத்திக்கொண்டாள். அவள் கூலியில்தான் எனக்கு விடுதிக் கட்டணம் கட்டப்பட்டது. "தங்கமான பெண்" என்று ஊரே மெச்சியது. அவளுக்கும் படிக்க ஆசை உண்டா என்று கேட்டவர் இல்லை. நானும் கேட்கவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் சூடியிருப்பது இப்படிப் பறித்த பூவே. முதற்குடத்தை ஊற்ற நம் வீடுகளில் ஆயிரம் கைகள் உண்டு, இரண்டாவதற்குத்தான் ஆளில்லை. தனித்தேர்வு இருக்கிறது, அஞ்சல்வழிக் கல்வி இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் போகும்போது அக்காளுக்குப் புடவை வாங்கிப் போவோம். கூடவே ஒரு விண்ணப்பப் படிவமும் கொண்டுபோவோம். பூப் பறித்த கைகளே தண்ணீரும் வார்க்கட்டும்!