டயர் என்னும் எழுவாய்

‘டயர் வெடித்துக் கார் கவிழ்ந்தது.’ ‘பிரேக் பிடிக்காததால் விபத்து.’ நாளிதழ்களில் இவ்வாக்கியங்களை வாசித்து வாசித்து நமக்கு மரத்துப்போய்விட்டது. மொழியில் அக்கறை கொண்டவர்கள் ஒருகணம் நின்று பார்க்கவேண்டும். முதல் வாக்கியத்தில் வெடித்தது டயர். இரண்டாவதில் கடமை தவறியது பிரேக். காரின் உடைமையாளர் இரண்டிலும் இல்லை. வழுக்கையாய்த் தேய்ந்த டயரோடு ஓட்டியவர் என்று ஒரு சொல் எழுதப்படுவதில்லை. ஊழ் என்று சொல்லித் தப்பித்துவந்த சமூகம் இப்போது இயந்திரக் கோளாறு என்கிறது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு வந்தது, நாமும் அதே குற்றத்தைச் செய்ததால்தான். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு நூல் வெளியீட்டுக்காக நண்பர்கள் நால்வர் பழைய கார் ஒன்றில் போனோம். பேச்சு வழக்கம்போல நவீனத்துவத்தின் போதாமைகளைப் பற்றி. ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஆடுகள். அவற்றின் பின்னால் ஒரு சிறுமி. பிரேக் மிதி வெறுமைக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. மறுபடி மிதித்தபோதுதான் பிடித்தது. கடைசி ஆட்டுக்கும் பம்பருக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும். சிதம்பரத்தில் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், துருவேறிய வீல் சிலிண்டரையும் அதிலிருந்து கசிந்த, டிகாக்‌ஷன்போலக் கறுத்த ஆயிலையும் காட்டினார். “கடைசியா எப்ப சார் மாத்துனீங்க?” ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முந்தைய சர்வீஸிலேயே சொன்னார்கள். ‘அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்’ என்றது நாம்தான்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். உள்ளிருந்தே உலோகம் துருப்பிடிக்கும். பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். கடலூரின் உப்புக்காற்று சன்னல் கம்பியை என்ன பாடுபடுத்துகிறது என்று அறிந்தவர்கள், அது காரின் அடிவயிற்றை மட்டும் விட்டுவைக்கும் என்று நம்புவது விந்தை.

டயர் விஷயத்தில் அறியாமை இன்னும் தடித்தது. காற்று அதிகமானால்தான் வெடிக்கும் என்று எண்ணிக் கோடையில் காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். காற்றுக் குறைந்த டயர்தான் பக்கச்சுவர் மடிந்து மடிந்து, சூடேறி வெடிக்கும். சாலைப் பள்ளத்துக்கும் ஆணிக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழியை முழுக்க அவற்றின்மேல் போடுவது நேர்மையன்று. கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கவேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அளக்க அளவுகோல்கூட வேண்டாம். பள்ளங்களுக்குள்ளேயே சிறு மேடுகளை வார்த்திருக்கிறார்கள்; தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பு அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 0819 என்றால் 2019ஆம் ஆண்டின் 8ஆவது வாரத்தில் பிறந்த டயர். முதற்பதிப்பு எந்த ஆண்டு என்றறியப் பழைய புத்தகக் கடையில் அரைநாள் நிற்கும் நாம், நம் உயிரைச் சுமக்கும் நான்கு டயர்களின் பதிப்பாண்டைப் பார்த்ததுண்டா? ஆயுதபூசையன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோமே, அப்போது கண்ணுக்கு நேரே இருப்பது அந்தப் பள்ளம்தான். சந்தனம் பூசிவிட்டு நிமிர்ந்துவிடுகிறோம்.

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடும்போது கூட்டம் வடத்தைப் பார்க்கிறது, மேலே இறைவனைப் பார்க்கிறது. வீதி திரும்பும் முனையில் சக்கரத்தை ஒட்டி ஓடி முட்டுக்கட்டை போடுகிறவர்களை எத்தனை பேர் பார்க்கிறோம்? கை ஒருகணம் பிந்தினால் தேர் கூட்டத்துக்குள் இறங்கிவிடும். உயிரைப் பணயம் வைத்துச் செய்யப்படும் அந்தத் தொழிலின் கருவியை நம் தமிழ் என்ன செய்திருக்கிறது? ‘முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை’ என்று வசைச்சொல்லாக்கி மேடைதோறும் முழங்குகிறது. தலையங்கங்களிலும் அதே கதை. நம் கட்டுரைகளிலும் தேடினால் கிடைக்கும். நிறுத்துவதை இழிவாக நினைக்கும் மொழியில் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட எவர் முன்வருவார்?

அன்று உடன்வந்த நண்பர்களில் இன்னொருவரும் கார் வைத்திருக்கிறார். இதை எழுதுமுன், பிரேக் ஆயிலை மாற்றிவிட்டாரா என்று விசாரித்தோம்.

“வண்டி நல்லாத்தானே ஓடுது” என்றார்.

நாம் கேட்டது ஓடுவதைப் பற்றி அல்ல.