பிடியரிசியில் வளர்ந்த திருச்சபை



கடந்த மறைபரப்பு ஞாயிறன்று மாலை, காணிக்கையை எண்ணி முடித்துக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம். அருகில் நின்ற உபதேசியார் தயங்கியபடியே, "சாமி, வெளியிலிருந்து நமக்கு வருவதுதானே வழக்கம், நாம் ஏன் வெளியே அனுப்பவேண்டும் என்று சனங்கள் கேட்கிறார்கள்" என்றார். திருச்சபை முழுவதும் ஒரே குடும்பம் என்று ஏதோ விடை சொல்லி அவரை அனுப்பிவைத்தோம். அவ்விடை அவருக்கும் போதவில்லை, நமக்கும் போதவில்லை. அன்றிரவு நம் நினைவுக்கு வந்தவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆங்கிலிக்கன் ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம் பாட்டியார் இன்று உயிரோடிருந்தால், பதிதர் கதையைப் பூசைப் புத்தகத்தின் பக்கத்தில் வைக்கலாமா என்று நம்மைக் கடிந்திருப்பார். அவர் காலத்துக் கண்டிப்பு அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, பிரிந்த சகோதரரிடையே காணப்படும் நன்மைகளை மகிழ்வுடன் ஏற்றுக்கொள்ளுமாறு நமக்குக் கற்பித்திருக்கிறது.

அசரியா 1874-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ச் சபையின் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்றபின் வாலிபக் கிறிஸ்தவர் சங்கத்தில் பணியேற்று, ஊர் ஊராகச் சென்று இளைஞரைச் சந்தித்துவந்தார். அப்பணியின் பொருட்டே 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கு அவர் கண்ட காட்சிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் சேர்த்து, கடல் கடந்து நம் தமிழ்நாட்டுக் கரைக்கே நற்செய்திப் பணியாளரை அனுப்பிவந்தனர். அசரியாவின் உள்ளம் குத்துண்டது. திருநெல்வேலிச் சபை அவர்களுடையதைவிடச் சிறியதா? ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-இல்; அதற்கு முன்பே அங்கே விசுவாசிகள் இருந்தனர். பள்ளிகளும் கோயில்களும் உயர்ந்து நின்றன. இவ்வளவு இருந்தும் அச்சபை பிறருக்கென்று என்ன செய்தது?

வளர்ந்துவிட்ட சபைகளுக்கு வரும் நோய் இது. முதல் தலைமுறை விசுவாசத்துக்காக அடிபடுகிறது. மூன்றாம் தலைமுறை, கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று வழக்காடுகிறது. இதை எழுதுகையில் நம் பங்கு நம் கண்முன் நிற்பதை மறைக்க விரும்பவில்லை.

ஊர் திரும்பிய அசரியாவும் அவர் நண்பர்களும் 1903 பெப்ருவரி 12-இல் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவினர். அனுப்பப்படுபவரும் இந்தியர், செலவிடப்படும் பணமும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில் என்பதே ஏற்பாடு. நைசாம் அரசின் ஆட்சிக்குட்பட்ட தெலுங்கு நாட்டில், தோர்ணக்கல் என்னும் இடம் தெரிந்தெடுக்கப்பட்டது. வேறு மொழி, வேறு அரசு, போக்குவரத்து அரிதான நாட்டுப்புறம். ஆள் அனுப்பும் சங்கத்தின் செயலாளராயிருந்தவருக்கு, பிறரைப் போ என்று சொல்லிவிட்டுத் தாம் இருக்க மனம் ஒப்பவில்லை. 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே புறப்பட்டார். முப்பத்தைந்தாம் வயதில், வீடில்லாத இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, புதிய மொழியில் மறையுரை ஆற்றத் தொடங்குவது எத்தகையது என்பதைக் குருக்களாகிய எமக்குச் சொல்லித் தரவேண்டுவதில்லை.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசுகையில், வெளிநாட்டு மிஷனெரிகள் இந்திய ஊழியருக்குச் செய்த தியாகங்களை அவர் மனமாரப் போற்றினார். ஆனால் எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டார். சிலருக்கு அது சுட்டது. கேட்டவர் நன்றி கெட்டவரல்லர் என்பது இரண்டாண்டுகளில் தெரிந்தது. 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் அவர் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயராக அருட்பொழிவு பெற்றார். இங்கு ஒரு சிறு குறிப்பு: சீரோ மலபார் சபைக்கு 1896-லேயே சொந்த நாட்டு ஆயர்கள் கிடைத்தனர், ஆனால் இலத்தீன் முறையினரான நமக்கு, இக்காலத்தின் முதல் இந்திய ஆயராகத் தூத்துக்குடியின் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை கிடைத்தது 1923-இல்தான். அதே தென்சீமையில், பதினொரு ஆண்டுகள் கழித்து!

தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் நற்செய்தியை ஏற்றவர்களுள் பெரும்பாலோர் மாலா, மாதிகா குலத்தினர், நிலமற்ற கூலிகள். அவர்கள் கையில் காசு நிற்பதில்லை. இவர்களிடம் காணிக்கை கேட்கலாமா? கேட்கத்தான் வேண்டும் என்றார் அசரியா. ஏழை என்பதற்காக ஒருவனைக் கொடுக்கவிடாமல் தடுப்பது அவனுடைய மதிப்பைப் பறிப்பதாகும் என்று அவர் கருதினார். எனவே பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இட்டனர். ஞாயிறன்று அது கோயிலுக்கு வந்தது. கோழி வந்தது, தானியம் வந்தது. அந்தப் பிடியரிசி ஊர் ஆசிரியருக்கும் உபதேசியாருக்கும் சோறாயிற்று.

காணிக்கையோடு அவர் விடவில்லை. திருமுழுக்குப் பெறுபவர் ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தி அறிவிக்காவிடில் எனக்குக் கேடு என்னும் பவுலடியாரின் சொல்லைத் தம் சொல்லாகச் சொல்லவேண்டும். எழுத்தறியாத கூலியாளும் சொன்னார். ஆண்டுதோறும் சாட்சி வாரம் வந்தபோது அவரே அடுத்த ஊருக்கு நடந்து போனார். ஆயர் ஊர்களைச் சந்திக்கும்போது, உங்கள் ஊரின் நான்கு பேய்கள் எவை என்று கேட்பாராம். அழுக்கு, நோய், கடன், குடி என்று மக்கள் விடை சொல்வார்களாம். பேயோட்ட வந்தவர் முதலில் பேயின் பெயரைக் கேட்டறிவது நற்செய்தி முறைதானே!

பின்னர் அண்டைப் பகுதிகளும் இணைக்கப்பட்டு, அவர் காலத்திலேயே அம்மறைமாவட்டத்தின் மக்கள் இரண்டு இலட்சத்தைத் தாண்டினர். இவ்வளவு பெருந்திரளான மனமாற்றம் காந்தியடிகளுக்கு உடன்பாடாயில்லை. 1930-களில் இருவருக்குமிடையே கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. 1939 சனவரியில் அர்ச்சிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் இந்துக் கோயிலின் தூண்களையும் இஸ்லாமியக் கட்டடக்கலையின் குவிமாடங்களையும் ஒருங்கே காணலாம். 1945 சனவரி முதல் நாள் அவர் மறைந்தார். அவர் உழைத்த தென்னிந்தியச் சபை ஐக்கியம் 1947-இல் நிறைவேறியதை அவர் காணவில்லை. திருவருட்சாதனங்களைக் குறித்தும் பேதுருவின் வழிவரும் அதிகாரத்தைக் குறித்தும் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அதைச் சிறிதென்று நாம் எழுதவில்லை. ஆனால் தெலுங்கு நாட்டுக்குக் கொடுக்கத் தொடங்கியதால் திருநெல்வேலிச் சபை ஏழையாகிவிடவில்லை என்பதையும் எழுதாமல் இருக்க இயலவில்லை.

உபதேசியாருக்கு இவையனைத்தையும் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "சாமி, கோயில் பின்கட்டில் இரண்டு மண்பானை சும்மாதான் கிடக்கிறது" என்றார். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு முதல் அவை பீடத்தின் படியருகே வைக்கப்படும். முதற்கண் பங்கு இல்லத்துச் சமையற்கட்டிலிருந்து ஒரு பிடி தவறாமல் வரவேண்டும் என்று சமையல்கார அம்மாளிடம் சொல்லியிருக்கிறோம். அரிசியை விற்ற பணத்தை வடக்கே எந்த மறைமாவட்டத்துக்கு அனுப்புவது என்பதைப் பங்குப் பேரவை முடிவு செய்யும்.