கண் எரியுதுன்னு கிளினிக்கில சொன்னியாம்மா?

தலைவலித் தைலம் வாங்க ஈப்போவில் ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளம் பெண், அஞ்சு மாத வயிறு. பக்கத்தில் மாமியார். "கண் சிவப்புக்குப் போடுற மருந்து ஒண்ணு குடுங்க" என்று கேட்டாள். கடைப் பையன் அவள் வயிற்றையும் பார்க்கவில்லை, கண்ணையும் பார்க்கவில்லை. புட்டியை எடுத்து மேசை மேல் வைத்தான். காசு கை மாறப் போகிற நேரத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"தங்கச்சி, டாக்டர் எழுதிக் குடுத்த மருந்தா இது?"

"இல்லண்ணே. கண்ணுல மணல் போட்ட மாதிரி இருக்கு. மூணு வருஷமா இப்படித்தான். மாசமானதுக்கு அப்புறம் ரொம்ப ஜாஸ்தி."

"கிளினிக்கில சொன்னியாம்மா?"

"அங்க வயித்தத்தானே பார்ப்பாங்க?"

இந்தப் பதில்தான் இந்த வாரம் என்னை எழுத வைத்தது.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை அவள். அப்பா பால் வெட்டினவர். மாமியார் பத்து வருஷத்துக்கு மேல் மருந்துப் பம்ப் தூக்கியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் போய், லயம் போய், இப்போது பட்டணத்து ஓரத்தில் சின்ன வீடு. இவளுக்குத் தொழிற்சாலை வேலை. நாள் முழுக்கக் குளிர்சாதன அறையில் கண் கொட்டாமல் சாமான் சரிபார்க்கிற வேலை. பேராவில் நம் ஜனங்களில் எத்தனையோ குடும்பங்களின் கதை இதுதான்.

தோட்டத்திலே இருந்த காலத்தில் கண் எரிந்தால் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் ஓடுவோம். அது பொற்காலம் ஒன்றும் இல்லை. வயிற்று வலிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கிடைத்த நாள் உண்டு. இருந்தாலும் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். யார் வீட்டுப் பெண் எத்தனை மாதம் என்பது அவருக்குத் தெரியும். தோட்டம் போனபோது அந்த ஆளும் போய்விட்டார். அவர் இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கடை மேசை நிற்கிறது.

கண் காய்ச்சல் என்றால் என்ன? கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. மேலே எண்ணெய்ப் பசை, நடுவில் தண்ணீர், அடியில் வழவழப்பு, மூன்றும் சேர்ந்த பூச்சு அது. எண்ணெய் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். தண்ணீரே சுரக்காவிட்டால் விழி உராயும். உராய்ந்தால் எரிச்சல், எரிச்சலைத் தணிக்கக் கண் கொட்டோ கொட்டென்று கொட்டும். அதனால்தான், "கண்ணுல தண்ணி ஊத்துது, நீங்க காய்ஞ்சு போச்சுன்னு சொல்றீங்களே" என்று பலர் சண்டைக்கு வருகிறார்கள். கர்ப்ப காலத்தில் உடம்பின் சுரப்புகள் மாறுவதால் இந்தத் தொல்லை கூடலாம், கடைசி மூன்று மாதத்தில் கூடுதலாக. ஏற்கெனவே இருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடுகிற பிரிட்டோன் மாதிரி மாத்திரைகளும் கண்ணைக் காய வைக்கும்.

இனி அந்தப் புட்டிக்கு வருகிறேன். சிவப்பைப் போக்கும் மருந்து கண்ணின் ரத்தக் குழாயைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான். காய்ச்சலைத் தீர்க்காது. விட்டவுடன் முன்னைவிடச் சிவக்கும். கர்ப்பிணி அதைக் கேட்காமல் போடக் கூடாது. அதைவிட மோசம் வீட்டு அலமாரியில் கிடக்கிற பழைய ஸ்டீராய்டு சொட்டு. போட்டவுடன் சுகமாக இருக்கும். ஆனால் கண்ணின் அழுத்தத்தை ஏற்றும், உள்ளே கிருமி இருந்தால் மறைத்துவிடும். இமை வீக்கத்துக்கு யாருக்கோ கொடுத்து மிஞ்சிய டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பங்கு போட்டுக் கொள்கிற வீடும் உண்டு. கர்ப்பத்தில் அது வேண்டாம். பிறக்கப் போகிற பிள்ளையின் பல்லில் கறை ஏற்றும் இனத்து மருந்து அது.

அப்படியானால் எதைப் போடலாம்? செயற்கைக் கண்ணீர் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் தண்ணீரும் வழவழப்பும்தான், விழிக்கு மேலேயே வேலை செய்துவிட்டுப் போகும். கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் முதலில் கொடுப்பது அதுதான். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் போட வேண்டியிருந்தால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத ரகமாகக் கேளுங்கள். ஒடித்துப் போடுகிற குட்டிக் குப்பியில் வரும், விலை கொஞ்சம் அதிகம். கையைக் கழுவிவிட்டு ஒரு சொட்டு போதும். போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை ஒரு நிமிஷம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்கி உடம்பில் கலப்பது குறையும். எந்தச் சொட்டு மருந்துக்கும் இந்தப் பழக்கம் நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தத் துணியை மூடிய இமை மேல் அஞ்சு பத்து நிமிஷம் வைத்தால் அடைத்த எண்ணெய் இளகும். காத்தாடியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். வேலையில் அடிக்கடி கண்ணைக் கொட்டுங்கள்; மேலாள் முறைத்தால் முறைக்கட்டும்.

பாட்டி வைத்தியம் பற்றிக் கேட்பீர்கள். தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் நம் பெரியவர்கள் அன்பினால் செய்தவை. ஆனால் காய்ந்த விழியில் கீறல் இருக்கும், அந்தக் கீறலில் கிருமி ஏற வழி வேண்டியதில்லை. கிருமி நீக்காத எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள்.

இன்னொன்று ஈரல். "ரத்தம் ஊறும், கண்ணுக்கும் நல்லது" என்று புள்ளத்தாச்சிக்கு ஆட்டு ஈரலை வறுத்துக் கொடுப்போம். வைட்டமின் ஏ இல்லாவிட்டால் கண் காயும் என்பது உண்மை. அதே வைட்டமின் ஏ மாத்திரையாகவோ ஈரலாகவோ அளவு மீறினால் கருவின் உறுப்பைக் கெடுக்கும் என்பதும் உண்மை. நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் ஆபத்து என்பார்கள். பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கு ஈரலே வேண்டாம் என்கிறார்கள். முருங்கைக் கீரையிலும் பூசணியிலும் கேரட்டிலும் இருக்கும் சத்துக்கு அந்தப் பயம் இல்லை, உடம்பு தேவையான அளவுதான் மாற்றிக்கொள்ளும். மீன் எண்ணெய் மாத்திரையை கண்ணுக்கென்று விற்கிறார்கள். 2018-ல் அமெரிக்காவில் 535 பேரை ஒரு வருஷம் வைத்துப் பார்த்ததில், அது ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. அந்தக் காசுக்குப் பசாரில் கெம்போங் மீன் வாங்குங்கள், பிள்ளைக்காவது ஆகும்.

இதுவரை சொன்னது சின்ன விஷயம். பெரிய விஷயம் கடை ஐந்தடியில் நின்று பேசும்போதுதான் வெளியே வந்தது. அந்தப் பெண்ணுக்கு வாயும் காய்கிறதாம். ரொட்டி தின்றால் தண்ணீர் வேண்டும். விரல் மூட்டெல்லாம் வலி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தாராம். "மாசமானதும் எல்லாத்தையும் நிறுத்திட்டோம் தம்பி, புள்ளைக்கு ஆகாதுல்ல?" என்றார் மாமியார். என்ன மாத்திரை என்று கேட்டேன். டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

கண் காய்ந்து, வாய் காய்ந்து, மூட்டும் வலித்தால் அது ஷோகிரன் என்ற நோயாக இருக்கலாம். 1933-ல் அதை விவரமாக எழுதிய ஸ்வீடன் நாட்டுக் கண் டாக்டரின் பேர் அது. உடம்பின் காவல் படையே தன் சுரப்பிகளைத் தாக்குகிற நோய், பெண்களுக்கே அதிகம் வருவது. சிலருக்கு ரத்தத்தில் 'ஆன்டி ரோ' என்ற எதிர்ப்பொருள் இருக்கும். அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் இதயத் துடிப்பின் பாதையைக் கெடுக்கலாம். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் அப்படி ஆகிறது, பயந்து சாக வேண்டாம். ஆனால் அது தென்படுவது பெரும்பாலும் 18-லிருந்து 24 வாரத்துக்குள். முன்கூட்டியே தெரிந்தால் குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் கவனித்து வருவார்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கர்ப்பத்திலும் தொடரக் கூடிய மருந்து, தானாக நிறுத்தக் கூடாதது. அந்தக் குப்பையில் போனது எதுவென்று நமக்குத் தெரியாது. நிறுத்தலாமா கூடாதா என்று ஒருத்தரையும் கேட்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் நம் வீடுகளில் ரெண்டு விதமாகத்தான் நடக்கிறது என்பதைப் பார்த்தவன். ஒன்று, மாசமானதும் டாக்டர் கொடுத்த மருந்தையெல்லாம் நிறுத்துவது. இன்னொன்று, டாக்டர் கொடுக்காததையெல்லாம் வாங்கிப் போடுவது. ரெண்டையும் ஒரே பெண் ஒரே வாரத்தில் செய்கிறாள். இவர்களுக்குப் பாஷை தெரியாது என்று சொல்லாதீர்கள். இன்றைய பிள்ளைகள் நம்மைவிட நன்றாக மலாய் பேசுகிறார்கள். "மாத்தா சாயா கெரிங், சுடா லாமா" என்று சொல்ல அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? வயிற்றைப் பார்க்கிற இடத்தில் கண்ணைச் சொன்னால் மிஸ்ஸி ஏசுவாரோ என்ற கூச்சம். சகித்துக்கொள்வதைப் பெருமை என்று நாம் சொல்லி வளர்த்த குற்றம். கிளினிக் பக்கமும் ஒன்று கேட்பேன். எடை, ரத்த அழுத்தம், சிறுநீர் என்று பார்க்கிறபோது, "கண் எப்படி இருக்கு, வேற மாத்திரை என்ன சாப்பிடுற?" என்று ஒரு வார்த்தை கேட்டால் எவ்வளவு நேரம் ஆகும்?

ஏனென்றால் கர்ப்பிணியின் கண் மங்கினால் எல்லாம் காய்ச்சல் இல்லை. கண்ணைக் கொட்டினால் தெளிந்து மறுபடி மங்குவது பெரும்பாலும் காய்ச்சல். அஞ்சு மாதத்துக்குப் பிறகு மங்கலோடு மின்னல் அடிப்பது போலத் தெரிந்தாலோ, மண்டை பிளக்கிற தலைவலி, விலா எலும்புக்குக் கீழே வலி, முகம் கை வீக்கம் இருந்தாலோ, அது ரத்த அழுத்தக் கோளாறு. அது தாயையும் பிள்ளையையும் கொல்லக் கூடியது. அன்றைக்குச் சொட்டு மருந்து தேடாதீர்கள், அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பத்துக்கு முன்பே இனிப்பு நீர் உள்ளவர்கள் விழித்திரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கர்ப்பத்தில் அது மோசமாகலாம். மங்குகிறதே என்று புதுக் கண்ணாடிக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி கொட்டாதீர்கள். பவர் மாற்றம் பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும்.

மாமியார் கதையையும் சொல்ல வேண்டும். மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் கண் எரிச்சல் புதுச் செய்தி இல்லை. 2002-ல் தெனாகானித்தா வெளியிட்ட ஆய்விலேயே வந்தது. பாராகுவாட் மருந்தை அதற்கப்புறம் தடுத்தார்கள், தளர்த்தினார்கள், கடைசியில் 2020-ல்தான் ஒரேயடியாக நிறுத்தினார்கள். வேறு களைக்கொல்லிகள் இன்றும் அடிக்கப்படுகின்றன. கர்ப்பிணியின் முதுகில் அந்தப் பம்ப் ஏறவே கூடாது. வேறு வேலை கேளுங்கள், கொடுக்காவிட்டால் சங்கத்துக்குப் போங்கள்.

அன்றைக்குப் புட்டி மேசையிலேயே நின்றது. மறுநாளே அந்தப் பெண் கர்ப்பப் புத்தகத்தோடு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். கண், வாய், மூட்டு, நிறுத்திய மாத்திரை எல்லாவற்றையும் சொன்னாளாம். யாரும் ஏசவில்லை. ரத்தம் எடுத்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை குழந்தையின் இதயத்துக்கு ஸ்கேன்.

இதைப் போனில் சொல்லிவிட்டு மாமியார் கேட்டார்: "எனக்கும் அப்படித்தான் எரியுது தம்பி. கிழவிக்கும் பார்ப்பாங்களா?"

பார்ப்பார்கள் என்றேன். இப்போது ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகிறார்கள்.