சங்க வாசலில் ஒரு குழாய்

தறி நின்றால் கூலி நிற்கும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் நூல் தட்டுப்பாட்டால் நின்ற நாட்களைக் கணக்கிடும் நாம், வயிற்றுப்போக்காலும் கண்நோயாலும் நின்ற நாட்களைக் கணக்கிடுவதில்லை. எந்தப் பேரேட்டிலும் ஏறாத நஷ்டம் அது.

இவ்விரு நோய்களும் வெவ்வேறாகத் தோன்றினும், பாக்டீரியாக் கிருமிகளால் வருபவற்றுள் பல ஒரே பாதையில் வருகின்றன. வாந்திபேதியும் டைபாய்டும் மலத்திலிருந்து நீர், கை, உணவு வழியே வாயை அடைகின்றன. பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா, நோயுற்ற கண்ணிலிருந்து கை, துண்டு, ஈ வழியே பிறர் கண்ணை அடைகிறது. அக்கிருமியைச் சுமக்கும் ஈயோ, திறந்த வெளியில் கிடக்கும் மனித மலத்தில் முட்டையிட்டுப் பெருகுவது. ஆகவே கழிப்பறையின்மை வயிற்றோடு கண்ணையும் கெடுக்கிறது.

மருந்திருக்கக் கவலை ஏன் என்பாருளர். டிரக்கோமாவை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் ஏற்ற திட்டத்திற்கு நான்கு அங்கங்கள் உண்டு: அறுவைச் சிகிச்சை, மருந்து, முகத்தூய்மை, சுற்றுப்புறச் சீர்திருத்தம். அந்நோய் இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று 2024 அக்டோபரில் அந்நிறுவனம் அறிவித்தது. அந்நிலை நீடிக்க, பின்னிரண்டு அங்கங்களும் நீடிக்க வேண்டும்.

வயிற்று நோயிலும் எளிய பொருளே உயிர் காத்திருக்கிறது. 1971-இல் மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மகாலநாபிஸ் குளுக்கோசும் உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கியது. பேதி கண்டவுடன், 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுத்தல் வேண்டும். மருத்துவரிடம் செல்வதையும் தாமதிக்கலாகாது.

எனினும் பிழைப்பதினும் நோயுறாதிருத்தலே இலாபம். பாவடியிலும், பால் கொள்முதல் நிலையத்திலும், சங்க வாசலிலும் ஒரு குழாயும் ஒரு சோப்புக் கட்டியும் இருத்தல் வேண்டும். பொதுத் துண்டை அகற்ற வேண்டும். பூட்டிக் கிடக்கும் சங்கக் கழிப்பறையைத் திறந்து, நீர் வசதியோடு புழக்கத்திற்கு விட வேண்டும்.

தூய்மை அவரவர் கடமை, அதற்குச் சங்கப் பணம் எதற்கு என்று சிலர் வினவலாம். ஒரு வீட்டார் எவ்வளவு தூய்மையாக இருப்பினும் அடுத்த வீட்டு ஈயைத் தடுக்க இயலாது. தனித்து முடியாததைக் கூடி முடிப்பதற்கே சங்கம் கண்டோம். இலாபத்தில் பொது நலத்திற்கென ஒதுக்கும் தொகையில் முதற்செலவு இதுவாக இருக்கட்டும். வரும் பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்களே இத்தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டுமென வற்புறுத்துகிறோம்.