கறை பாட்டில்ல இல்ல, தண்ணியில இருக்கு

பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில், பாட்டி காலத்து ஊறுகாய் பாட்டில், கல்யாணச் சீரா வந்த சர்பத் ஜக்கு. இதுக்கெல்லாம் இப்போ நகரத்துல 'விண்டேஜ்'னு பேரு. ஊர்ல இன்னும் அது வெறும் பாட்டில்தான். ஆசையா எடுத்துட்டுப் போறீங்க, சந்தோஷம். ஆனா ஆறு மாசம் கழிச்சு, "உள்ள வெள்ளையா படிஞ்சு போச்சு, எதைப் போட்டாலும் போகல, தூக்கிப் போட்டுட்டேன்"னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வருது.

அந்த பாட்டில் ஒரு தப்பும் பண்ணல. தப்பு நீங்க அதைக் கழுவுற விதத்துல இருக்கு. அதைவிட, கழுவுற தண்ணியில இருக்கு.

முதல்ல அந்த சோடா மாவு வித்தை. போன்ல வர்ற வீடியோ பத்துல எட்டு இதுதான். சமையல் சோடாவைக் கொட்டு, வினிகரை ஊத்து, நுரை பொங்கும், கறை ஓடிப் போகும்! நுரை பொங்கும், அது உண்மை. ஆனா அது வெறும் கரியமில வாயு. வினிகர் அமிலம், சோடா காரம். ரெண்டையும் சேர்த்தா ஒண்ணை ஒண்ணு முறிச்சுக்கும். கடைசியில மிஞ்சுறது ஒரு வகை உப்பு கரைஞ்ச தண்ணி. கறையைக் கரைக்க வேண்டிய புளிப்பை நீங்களே சோடாவைப் போட்டுச் சாகடிச்சுட்டு, பாட்டில் மேல பழியைப் போடுறது என்ன நியாயம்?

அடுத்தது கம்பி நாரு. போகல போகலன்னு தேய்க்கத் தேய்க்க கண்ணாடியில கீறல் விழுது. அந்தக் கீறலுக்குள்ள அடுத்த கறை இன்னும் இறுக்கமா உக்காருது. மணலும் செங்கல் பொடியும் பித்தளை அண்டாவுக்குச் சரி. கண்ணாடிக்கு ஆகாது, மணல் கண்ணாடியை விடக் கடினமானது.

மூணாவது, பாத்ரூம் ஆசிட். அதுல கறை போகும், நான் மறுக்கல. ஆனா புளி செய்யுற வேலைக்கு ஆசிட் எதுக்கு? மூடின சமையலறையில அந்தப் புகையை எதுக்கு இழுக்கணும்? அதே சிங்க்ல பிளீச்சிங் பவுடர் கிடந்து ரெண்டும் கலந்தா குளோரின் வாயு வரும், மூச்சையே அடைக்கும். ஊறுகாய் போடுற பாட்டில்ல ஊத்துற சாமானா அது?

கறையில மூணு ஜாதி இருக்கு. எதுன்னு தெரிஞ்சுக்காம கை வைக்காதீங்க.

ஒண்ணு, உப்புத் தண்ணி விட்டுட்டுப் போன வெள்ளைப் படிவு. சுண்ணாம்புதான் அது, புளிப்புக்குத்தான் மசியும். கெட்டியாக் கரைச்ச புளித் தண்ணியோ, எலுமிச்சைச் சாறோ, தனி வினிகரோ நிரப்பி ராத்திரி பூரா வச்சிடுங்க. இதுல சோடா வேண்டாம், சோப்பு வேண்டாம். போர் தண்ணியில இரும்பு இருந்து பழுப்பா படிஞ்சிருந்தாலும் இதே வைத்தியம்தான். காலையில கை போகாத பாட்டிலா இருந்தா ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் கல்லுப்பும் போட்டு, துளி தண்ணி விட்டுக் குலுக்குங்க. உப்பு கண்ணாடியை விட ரொம்ப மெதுவானது, கீறாது. ஒரு தடவையில போகலன்னா மறுநாளும் ஊற வைங்க. பத்து வருஷம் படிஞ்சது பத்து நிமிஷத்துல போகணும்னா எப்படி?

ரெண்டு, எண்ணெய்ப் பிசுக்கு. இதுக்குப் புளிப்பு உதவாது, காரம்தான் வேணும். இங்க சோடா மாவைத் தனியா, வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊற வைங்க. கொதிக்கிற தண்ணியை ஊத்திடாதீங்க. பழைய சாதாரணக் கண்ணாடி அந்தச் சூட்டுக்குச் சட்டுனு விரிசல் விட்டுடும்.

மூணு, கறையே இல்லாத மங்கல். கண்ணாடியோட மேல்பரப்பே அரிச்சுப் போனது. பாத்திரம் கழுவுற மெஷின்ல காரமான பொடியும் சூடும் சேர்ந்து பழைய கண்ணாடியை இப்படி ஆக்கும். கண்டுபிடிக்க வழி இருக்கு. ஒரு ஓரமா எலுமிச்சைத் துண்டைத் தேய்ச்சு, பத்து நிமிஷம் விட்டு, கழுவி, நல்லாத் துடைச்சுக் காய வைங்க. தெளிஞ்சா அது உப்பு. அப்பவும் மங்கலாவே இருந்தா அரிப்பா இருக்கலாம். அரிச்சது திரும்பாது. அதுக்காகத் தூக்கிப் போடணுமா? பருப்பு கொட்டி வைங்க, நூறு வருஷம் வரும். பழைய பாத்திரத்தை மெஷின்ல போடுறதை மட்டும் நிறுத்துங்க.

ஒரு எச்சரிக்கை. பூ வேலை, பெயிண்ட் போட்ட பழைய கிளாஸ்ல அந்த நிறத்துல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. புளிப்பு அதை இழுத்துடும். அதை ஊறவும் வைக்காதீங்க, ஊறுகாயும் போடாதீங்க. அலமாரியில அழகுக்கு இருக்கட்டும்.

இப்போ தண்ணிக்கு வர்றேன். என் சண்டையே இதுலதான்.

குடிதண்ணியில கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. 600ன்னா பதினஞ்சு லிட்டர் குடத்துல 9 கிராம் சுண்ணாம்புக் கணக்கு. உங்க அடுக்குமாடிக்கு லாரியில வர்ற தண்ணி எங்கிருந்து வருதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? சென்னையைச் சுத்தி திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயக் கிணறும் போரும்தான் அதுல பெரும்பங்கு. 2019ல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டப்போ ராத்திரி பகலா லாரி ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? மேல்தண்ணியை உறிஞ்சி முடிச்சா அடுத்தது கீழ்ப்பாறை. பாறையில ரொம்ப நாள் கிடந்த தண்ணி அதோட உப்பையும் சேர்த்துத்தான் கொண்டு வரும். கிராமத்துல அந்தத் தண்ணி பயிரோட வேருல படியுது. உங்க வீட்டுல பாட்டில்ல படியுது. நீங்க பாட்டிலை மாத்திக்கலாம். நிலத்தை மாத்த முடியாதுங்க.

இன்னொரு கொடுமை, ஆர்.ஓ. மெஷின் கழிச்சு விடுற தண்ணியைப் பிடிச்சு, 'வீணாக்கக் கூடாது'ன்னு கண்ணாடிப் பாத்திரம் கழுவுறது. எண்ணம் நல்லது. ஆனா வடிகட்டின உப்பெல்லாம் அதுலதான் இருக்கு. தரை துடைங்க, கக்கூஸுக்கு ஊத்துங்க. பாட்டில் பக்கம் கொண்டு போகாதீங்க.

மழைத்தண்ணியில அந்த உப்பு கிடையாது. கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு மழைத்தண்ணி, உடனே ஒரு பருத்தித் துணியால துடைப்பு. இவ்வளவுதான், வெள்ளை படியவே படியாது. 2003லயே இந்த மாநிலத்துல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிட்டாங்க. உங்க கட்டடத்துலயும் குழாய் இருக்கும். அது தொட்டிக்குப் போகுதா, இல்ல நேரா சாக்கடைக்குப் போகுதான்னு இந்த ஞாயித்துக்கிழமை மாடி ஏறிப் பாருங்க. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல லாரித் தண்ணி எந்த ஊர்ல இருந்து வருதுன்னும் கேளுங்க.

அதுவரைக்கும் அந்த பாட்டில் புளித் தண்ணியில ஊறட்டும்.